பிக்கான்யா தேடிப் புதுக்கடைக்கு

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு எல்லோரும் சூரியனைப் பார்க்க வருகிறார்கள். நான் ஒரு மாட்டின் பின்பக்கத்தைத் தேடி வந்தேன். அதுவும் முட்டைகூடத் தொடாத நான்.

லிஸ்பன் நகரத்தில் பத்தொன்பது வருடமாக மொழிபெயர்ப்பு வேலை பார்த்துப் பிழைக்கிறேன். சொந்த ஊர் ஈரோடு. பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம், உணவகத்தின் பதார்த்தப் பட்டியல் என்று எது வந்தாலும் போர்த்துகீசிலிருந்து மாற்றிக் கொடுப்பேன். மாட்டிறைச்சிக்கு அந்த மொழியில் உள்ள முப்பது பெயர்களும் எனக்குத் தெரியும், ஒன்றையும் வாயில் வைத்ததில்லை. என் வீட்டுக்குக் கீழே அந்தோனியோ என்கிற பிரேசில்காரர் இறைச்சி சுட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய ஒரே மகன் ரஃபேல், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஷைனியைக் காதலித்தான். ஷைனிக்குப் புதுக்கடை பக்கம். கல்யாணம் பெண்ணின் ஊரில்தான் என்று முடிவானதும் அந்தோனியோ என் வாசலில் வந்து நின்றார். "நீ வராவிட்டால் அங்கே நானும் என் மகனும் தலையாட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும்" என்றார். மனைவி இல்லாத மனிதர். மறுக்க மனம் வரவில்லை.

கல்யாணம் திங்கட்கிழமை. மாதா கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பந்தியில் ஒருவரும் குறை சொல்லவில்லை. பெண்ணின் அப்பா தாசையன் மட்டும் மாப்பிள்ளையின் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைப் பீடம் வரைக்கும் கூட்டி வந்தார், படத்துக்கு நின்றார், பந்தியை மேற்பார்வை பார்த்தார். அந்தோனியோ கையை நீட்டியபோது சாம்பார் வாளியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். சாம்பார் வாளியில் அப்படி ஒன்றும் விசேஷம் இல்லை, நானும் எட்டிப் பார்த்தேன்.

காரணத்தை ஷைனியின் அம்மா லீலாபாய் சொன்னார். பெண் கேட்டு யாரும் அவர்கள் வீட்டுக்கு வரவில்லை. மகள் போனில் ஒரு படத்தை அனுப்பி, இவன்தான் என்று சொல்லிவிட்டாள். தாசையனுக்கு ரஃபேல் மீது குறையொன்றும் இல்லை. பையன் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கையும் மீன்கறியையும் கையால் பிசைந்து சாப்பிட்டதில் உள்ளூரத் திருப்திகூட. கோபமெல்லாம் அப்பன் மீது. ஓர் அப்பன் இன்னோர் அப்பன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் அந்தோனியோவை அவர் பெயர் சொல்லியும் அழைக்கவில்லை, முறை சொல்லியும் அழைக்கவில்லை. 'சாயிப்பு' என்றார். இந்தப் பக்கத்தில் வெள்ளைக்காரன் எவனானாலும் சாயிப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை அடுக்களை காணல் பாக்கி இருந்தது. பெண் வீட்டார் பாத்திரம் பண்டங்களோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், தங்கள் பெண் புழங்கப்போகும் அடுக்களையைப் பார்த்து, அங்கே கை நனைத்துவிட்டு வருகிற வழக்கம். எங்கள் ஈரோட்டிலும் சம்பந்தி வீட்டில் கை நனைப்பது சின்ன விஷயம் இல்லை. நனைத்தால் உறவு, நனைக்காமல் வந்தால் ஊரே கேட்கும். தாசையன் பந்தி நடுவில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சாயிப்புக்க அடுக்களை கடலுக்கு அந்தப் பக்கமுல்லா இருக்கு. நான் எங்க போய்க் காண?"

ஷைனி கல்யாணச் சேலையோடு பின்கட்டில் போய் நின்று அழுதாள். அடுத்த செவ்வாய் அவர்களுக்கு விமானம். அப்பா வந்து ஒரு வாய் சாப்பிடாமல் விட்டால் அந்தக் குறையைச் சுமந்துகொண்டுதான் அவள் லிஸ்பனுக்குத் திரும்புவாள். என் தங்கை ஒருத்தி இதேபோல ஒரு குறையை இருபது வருடமாகச் சுமக்கிறாள், எனக்குத் தெரியும்.

தாசையன் சொன்னதை அந்தோனியோவுக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். "இந்த ஊரில் ஒரு வாரத்துக்கு ஓர் அடுக்களை வாடகைக்குக் கிடைக்குமா என்று கேள்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் கிடைத்துவிட்டது. வளைகுடாவில் இருக்கும் யாரோ ஒருவருடைய பூட்டிய வீடு, சந்திப்பிலிருந்து கூப்பிடு தூரம். அடுக்களையை வாடகைக்கு எடுத்த மனிதரைப் பார்க்கவென்றே நாலு பேர் வந்தார்கள். சாவி வைத்திருந்த பெண்மணி ஒரு குக்கரையும் ஒரு குலை மட்டிப்பழத்தையும் வைத்துவிட்டுப் போனார். மட்டிப்பழம் என்பது விரல் நீளத்துக்கு ஒரு சின்னப் பழம், வாசனையோ அறை முழுக்க நிற்கும். அந்த வாரம் நான் உயிரோடு இருந்ததற்கு அதுதான் காரணம்.

இனி அந்தோனியோவின் பக்கத்து வழக்கம். அவர் குடும்பத்தில் மகன் கல்யாணம் செய்தால், அப்பன் தன் கையால் பிக்கான்யா சுட்டு, முதல் துண்டைப் பெண்ணின் அப்பனுக்கு வைக்க வேண்டும். பிக்கான்யா என்பது மாட்டின் இடுப்பு உச்சியில், வாலுக்குச் சற்று முன்னால், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டே துண்டுகள். முக்கோணமாக இருக்கும், மேலே ஒரு போர்வை மாதிரி கொழுப்பு மூடியிருக்கும். அந்தக் கொழுப்பை எடுத்தால் அது பிக்கான்யா இல்லை. கல்லுப்பைத் தவிர வேறெதைப் போட்டாலும் பிக்கான்யா இல்லை. இதில் அந்தோனியோ ஒரு பாதிரியாரைவிடக் கண்டிப்பு.

பெயருக்கு ஒரு கதையும் வைத்திருந்தார். தென் பிரேசிலின் புல்வெளிகளில் மாட்டுவண்டிக்காரர்களிடம் நுனியில் இரும்பு வைத்த நீளக் கம்பு ஒன்று இருக்கும், அதற்குப் பிக்கானா என்று பெயர். வண்டியில் உட்கார்ந்தபடி அதை நீட்டினால் மாட்டின் உடம்பில் எங்கே குத்துமோ அந்த இடம் பிக்கான்யா ஆயிற்றாம். அந்தோனியோவின் அப்பா வண்டிக்காரர், அவரிடமும் அந்தக் கம்பு இருந்ததாம். நான் சொற்களை விற்றுப் பிழைப்பவள். ஒரு சொல் பிறந்த கதை கேட்க நன்றாக இருந்தால் அது பெரும்பாலும் பொய் என்பது என் அனுபவம். இதே சொல்லுக்கு வேறொரு கதையும் உலவுகிறது. ஒரு பணக்காரர் உணவகத்தில் இதைத் தின்றுவிட்டு என்ன துண்டு என்று கேட்டாராம். பெயர் தெரியாத சமையற்காரர், மாட்டைக் குத்துகிற இடம் என்று சொல்லிச் சமாளித்தாராம். எந்தக் கதையானாலும் மாட்டுக்குக் குத்து ஒன்றுதான்.

புதன்கிழமை வேட்டை தொடங்கியது. லிஸ்பனில் இறைச்சிக் கடைக்குள் நுழைந்தால் சுவரில் ஒரு மாட்டுப் படம் தொங்கும். உடம்பெல்லாம் கோடு கிழித்து, தாலுகா வரைபடம் மாதிரி ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர் எழுதியிருக்கும். புதுக்கடையில் வின்சென்ட்டின் கடைச் சுவரில் மாதா படம் இருந்தது. மாட்டை அவர் நாலே வகையாகப் பிரித்திருந்தார்: எல்லு உள்ளது, எல்லு இல்லாதது, ஈரல், குடல். எலும்புக்கு இங்கே எல்லு.

என் கண்ணாடியையும் பேச்சையும் பார்த்துவிட்டு அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் ஊரே அப்படிக் கூப்பிட்டது. முழுத்துண்டாக வேண்டும், கொழுப்போடு வேண்டும், வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். வின்சென்ட் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்ன விசேஷம் என்றார். அடுக்களை காணலுக்கு என்று நான் சொல்லித் தொலைத்தேன். அவர் முகமே மாறிவிட்டது. போய் ஒரு கட்டன் குடித்துவிட்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

பாலில்லாத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் பொட்டலம் தயாராக இருந்தது. வாடகை அடுக்களையில் அந்தோனியோ அதைப் பிரித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே பெருவிரல் நுனி அளவில், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லாமல் வெட்டிய துண்டுகள். கொழுப்பு மருந்துக்குக்கூட இல்லை. நடுவே பல்லுப் பல்லாகத் தேங்காய்த் துண்டுகள். நான் திரும்ப ஓடினேன். வின்சென்ட் பெருமையோடு நின்றுகொண்டிருந்தார்.

"அடுக்களை காணலுக்குன்னு சொன்னியல்லா டீச்சர், அதான் நானே இருந்து நுணுக்கி வெட்டினேன். கொழுப்ப எல்லாம் பொறுக்கிக் களைஞ்சாச்சு. தேங்காக்கொத்தும் நம்ம வகையாட்டு போட்டிருக்கு."

விசேஷ வீட்டுக்கு அவ்வளவு பெரிய துண்டைக் கொழுப்போடு தூக்கிக் கொடுப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட மனிதரிடம் என்ன கோபிப்பது. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா அதை நல்லமிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார். அந்தோனியோ மரச்சீனியோடு மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார். அற்புதம், ஆனால் இது பிக்கான்யா இல்லை என்றார். நான் ரசவடை சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை களியக்காவிளைக்குப் போனேன். எல்லைப்புறச் சந்தை, கிடைக்காதது இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அங்கே ஒரு கடைக்காரர் வளைகுடாவில் பத்து வருடம் இறைச்சி வெட்டியவர். ஸ்டேக்தானே டீச்சர், எனக்குத் தெரியாத ஸ்டேக்கா என்று நான் பேசி முடிக்கும் முன்பே கட்டிக் கொடுத்துவிட்டார். அவரது தன்னம்பிக்கையில் எனக்கும் நம்பிக்கை வந்தது. பேருந்தில் பொட்டலத்தை மடியில் வைக்க மனமில்லாமல் இருக்கைக்குக் கீழே வைத்தேன். புதுக்கடையில் பொட்டலம் இல்லாமல் இறங்கினேன்.

பேருந்து போய்விட்டது. ஆட்டோக்காரரிடம் அடுக்களை காணலுக்கான இறைச்சி என்று சொன்னதும் அவர் பிரசவக் கேஸ் ஏற்றியதுபோல ஓட்டினார். இரண்டு நிறுத்தம் தாண்டிப் பிடித்தோம். நடத்துனர் பொட்டலத்தை ஜன்னல் கம்பியில் பத்திரமாகத் தொங்கவிட்டிருந்தார். அதற்குள் முன்சீட்டுப் பெரியவர் ஒருவர் பிரித்துப் பார்த்து, இது அண்டர்கட், முதுகெலும்புக்கு அடியில் இருக்கும் பஞ்சுத் துண்டு என்று பேருந்துக்கே அறிவித்திருந்தார். நடத்துனர் அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"டீச்சர் மரக்கறிதான் சாப்பிடுவியன்னு கேள்விப்பட்டோம். பொறவு இது என்னத்துக்கு இந்த ஓட்டம்?"

ஈரோட்டில் என் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட நான் என்ன சாப்பிடுவேன் என்று தெரியாது. இங்கே மூன்றே நாளில் பேருந்து வரைக்கும் தெரிந்திருக்கிறது. பெரியவர் சொன்னது சரிதான். அந்தோனியோ அந்தத் துண்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, இது நோயாளிகளுக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கும் கொடுப்பது என்று சொல்லிக் கீழே வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர் வேறு மாதிரி இருந்தார். இறைச்சி கிடக்கட்டும், முதலில் நான் போய் அழைக்க வேண்டும் என்றார். வேட்டி கட்டி, அதன் மேல் தோல் பெல்ட் போட்டு, ரஃபேலையும் என்னையும் கூட்டிக்கொண்டு தாசையன் வீட்டுக்குப் போனார். தாசையன் முன்னறையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நாளிதழை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார். அந்தோனியோ உட்கார்ந்து, நான் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை, வழக்கம் தெரியாமல் செய்த தப்பு, இப்போது வந்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை என் அடுக்களைக்கு வர வேண்டும் என்றார். நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். நாளிதழ் அசையவில்லை.

லீலாபாய்க்கு வெட்கமாகிவிட்டது. கட்டனும், முந்திரிக்கொத்து என்கிற பாசிப்பயறு இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்படி என்ன இறைச்சியைத்தான் தேடுகிறீர்கள் என்று பேச்சை மாற்றினார். அந்தோனியோவுக்கு அது போதும். வாயால் சொல்லித் தீராது என்று எழுந்துவிட்டார். ரஃபேலைச் சிமெண்ட் தரையில் நாலு காலில் நிற்கச் சொன்னார். அவன் மாடு. தான் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி வண்டி. என் குடையைக் கம்பாகப் பிடித்து, நாக்கால் டக்கென்று ஒரு சத்தம் போட்டு, புதுமாப்பிள்ளையின் பின்பக்கத்தில் ஒரு குத்து குத்தினார். ஷைனி முகத்தை மூடிக்கொண்டாள்.

"அங்க குத்தினா மாடு ஒதைக்கும்" என்றது நாளிதழ்.

நான் மொழிபெயர்த்தேன். அந்தோனியோ நாற்காலியோடு திரும்பி, அப்படியானால் எங்கே என்று கேட்டார். நாளிதழ் மூக்கு வரைக்கும் இறங்கியது.

"இன்னும் மேல. வாலுக்கு முன்ன நாலு விரக்கடை, நடு எல்லவிட்டு இத்திரி ஒதுங்கி. அங்க மாட்டுக்கு நோவாது. ஆனா நடக்கும்."

அந்தோனியோ அங்கே குத்தினார். ரஃபேல் துள்ளி நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தில் தலையை இடித்துக்கொண்டான். தாசையனின் மீசை லேசாக அசைந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். பிறகு நாளிதழ் மறுபடி ஏறிவிட்டது. 

வெளி வாசல் வரைக்கும் வந்த லீலாபாய் என்னை மட்டும் ஓரமாக இழுத்தார்.

"டீச்சர், ஒரு காரியம். அவிய மாட்டெறச்சி தின்ன மாட்டாவ. டிராக்டர் வாங்கது வரைக்கும் காளை பூட்டி உழுத ஆளு. கூட நின்னு உழுதத எப்படித் திங்கதுன்னு கேப்பாவ. எனக்கு ஆசை வந்தா நான் எனக்க தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்."

 மூன்று நாளாக நான் பேருந்து பேருந்தாகத் துரத்திய துண்டு, அதைத் தொடவே தொடாத மனிதருக்காக. என்ன சொல்கிறார் என்று அந்தோனியோ கேட்டார். முந்திரிக்கொத்துக்குப் பாகு பதம் சொல்கிறார் என்றேன். பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு வாக்கியத்தை விழுங்கியது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை முழுக்க எனக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட்டால் அந்தோனியோ அடுப்பையே மூட்ட மாட்டார். சொல்லாவிட்டால் எல்லோர் முன்னாலும் முதல் துண்டை அந்த மனிதர் தள்ளி வைப்பார். நான் இப்படி மட்டிப்பழத்தோலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தோனியோ படு உற்சாகமாக இருந்தார். இறைச்சி குத்திச் சுட வாள் மாதிரி நீளக் கம்பி வேண்டும் என்றார். வெல்டிங் கடைக்காரர் காங்கிரீட் கம்பியைக் கூராக்கிக் கொடுத்துவிட்டு, இதை வைத்து யாரை என்று கேட்டார். கரிக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து இரண்டு சாக்குத் தேங்காய்ச் சிரட்டை வந்தது. சிரட்டைக் கனலைப் பார்த்துவிட்டு அந்தோனியோ, இதைவிட நல்ல நெருப்பு பிரேசிலில்கூட இல்லை என்று கையைத் தட்டினார். 

ஞாயிறு விடிந்ததும் வின்சென்ட் கடையில் நின்றோம். முழுத்துண்டுதான் வேண்டும் என்பதை இந்த முறை அவர் ஏற்றுக்கொண்டார், எந்தத் துண்டு என்பதுதான் கேள்வி. மூன்று பின்னங்கால்கள் கொக்கியில் தலைகீழாகத் தொங்கின. வின்சென்ட் அவற்றை வழக்கம்போல இடுப்பு நடுவே இரண்டாக்கப் போனார். அங்கே கத்தி விழுந்தால் பிக்கான்யா இரண்டாகிவிடும். அந்தோனியோ அலறினார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு மொழிபெயர்த்தேன். இங்கே இல்லை, இங்கே என்றார் அந்தோனியோ. இங்கே இல்லை, இங்கே என்றேன் நான். எங்கே டீச்சர் என்றார் வின்சென்ட். எந்த மொழியானாலும் அந்த ஒரு சொல்லைக் கண்ணைத் திறக்காமல் மொழிபெயர்க்க முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அப்போது ஒரு மொபெட் வந்து நின்றது. தாசையன். கையில் ஒரு நீளக் கம்பு, நுனியில் ஆணி. உழவு மாட்டை ஓட்டும் தார்க்குச்சி. டிராக்டர் வந்த பிறகு அது வீட்டில் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர் உருவிக்கொண்டு வந்த வேகத்தில் கொடிக்கயிற்றில் ஒரு முழம் இன்னும் அதில் தொங்கியது. துணியெல்லாம் சகதியில் விழுந்ததைப் பிறகு லீலாபாய் எனக்கு விவரமாகச் சொன்னார்.

தாசையன் யாரையும் பார்க்கவில்லை. வின்சென்ட்டின் காதருகே போய் ஏதோ கேட்டார். வின்சென்ட் மூன்றாவதைக் காட்டினார். தாசையன் இரண்டடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, தொங்குவதை மனதுக்குள் நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு தார்க்குச்சியை நீட்டி ஓரிடத்தில் தொட்டார்.

"இங்க."

அதே நேரம் மறுபக்கத்திலிருந்து அந்தோனியோவும் விரலை வைத்திருந்தார். விரலுக்கும் ஆணிக்கும் நடுவில் ஓர் அங்குலம்கூட இல்லை. வெள்ளையாகக் கொழுப்பு மூடிய ஒரு முக்கோணத்தை வின்சென்ட் அறுத்து எடுத்தார். போர்த்துகீசில் ஒரு சொல்கூடக் கேட்டிராத மனிதர் புதுக்கடையில் நின்று அந்தச் சொல்லின் மேல் கம்பை வைத்துவிட்டார். சொல் பிறந்த கதைகளைப் பற்றி இனிமேல் நான் இவ்வளவு இளக்காரமாகப் பேச மாட்டேன். அந்தோனியோ நன்றி சொல்லத் திரும்புவதற்குள் மொபெட் கிளம்பிவிட்டது. சாப்பிட வருவாரா என்பது அப்போதும் தெரியவில்லை.

மதியம் இரண்டு வேன்களில் வந்தார்கள். குடம், அண்டா, அரிசி மூட்டை, ஏத்தன் வாழைக்குலை, அச்சு முறுக்கு, ஒரு மிக்ஸி. பெண்கள் நேராக அடுக்களைக்குள் போய் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து பார்த்தார்கள். ஷைனியின் அத்தை வெளியே வந்து, இந்த அடுக்களையில் உப்பைத் தவிர ஒன்றும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். தாசையன் இரண்டாவது வேனிலிருந்து கடைசியாக இறங்கினார். அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார், மூடினார். வந்து பாயில் உட்கார்ந்தார். ஷைனி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தோனியோ கம்பியிலிருந்து முதல் துண்டைச் சீவி, மரச்சீனிக்குப் பக்கத்தில் தாசையனின் இலையில் வைத்தார். பரீட்சை முடிவு பார்க்க வந்த பையனைப்போல அங்கேயே நின்றார். லீலாபாய் என்னைப் பார்த்தார். நான் மேல்கூரையைப் பார்த்தேன்.

தாசையன் துண்டைப் பிய்த்து, மரச்சீனியோடு சேர்த்து, வாயில் போட்டார். லீலாபாயின் கையில் மீன்கறிக் கரண்டி அந்தரத்தில் நின்றது. தாசையன் மனைவியைத் திரும்பிப் பார்க்காமலே மென்றபடி சொன்னார்:

"இது போத்து. வின்சென்ட்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். நான் போத்து பூட்டி உழுததில்ல."

போத்து என்றால் எருமைக்கடா. மனைவியிடம் என்ன சொல்கிறார் என்று அந்தோனியோ கேட்டார். முந்திரிக்கொத்துப் பாகைப் பற்றி என்றேன். அவர் தன் விரலில் ஒட்டியிருந்த கொழுப்பை மெல்ல நக்கிப் பார்த்து, என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். நாற்பது வருடம் மாட்டிறைச்சி சுட்ட மனிதர். எருமையின் கொழுப்பு அவருக்குத் தெரியாதா? கம்பியை எடுத்து அடுத்த துண்டைச் சீவினார்.

தாசையன் இரண்டாவது வாயும் சாப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், சம்மந்தக்காரன்கிட்டச் சொல்லுங்க. உப்பு கொறவு."

சம்பந்தி என்ற உறவுக்கு ஆங்கிலத்தில் சொல் கிடையாது. நல்லவேளை, போர்த்துகீசில் உண்டு. கொன்சோக்ரு. ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னேன்: உங்கள் கொன்சோக்ரு உப்புக் குறைவு என்கிறார்.

அந்தோனியோ, என்னை என்னவென்று கூப்பிட்டார் என்று மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு, என் உப்பையா குறை சொல்கிறார், எவ்வளவு வேண்டும் என்று அவரே காட்டட்டும் என்று கல்லுப்பு டப்பாவை எடுத்து வந்து பாயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷைனி இன்னோர் இலையைக் கொண்டுவந்து போட்டு, அதில் ஒரு துண்டு வைத்தாள்.

தாசையன் இரண்டு விரலால் கொஞ்சம் உப்பை எடுத்தார். தன் இலையைத் தாண்டி, அந்தோனியோவின் துண்டின் மேல் தூவிவிட்டு, சாப்பிடு என்று தாடையை ஆட்டினார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் போய் ஒரு மட்டிப்பழத்தை உரித்தேன்.